ஏழு இடத்தில் கத்திய கேமரா

பஸ்ஸில் கேமரா மாட்டுகிற ஆள் வேறு, மாட்டிய கேமராவுக்கு ரோடு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்குப் புரிகிற வரைக்கும் பக்கத்திலேயே காத்துக் கிடக்கிற ஆள் வேறு. நான் இரண்டாவது ரகம். மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. முன்கண்ணாடியில் ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா, டிரைவரின் முகத்தைப் பார்த்து இன்னொன்று. அந்தப் போர்டு கண் விழிப்பதிலிருந்து, கேமராவின் படத்தை வாங்கி, எதிரில் இருப்பது லாரியா மாடா என்று பார்க்கிற புரோகிராமிடம் கொடுத்து, ஆபத்து என்றால் பீப் என்று கத்தி, கத்தியதை ஆபீசுக்கு எழுதி அனுப்புகிற வரை நடுவில் உள்ள மொத்தமும் என் தலையில்.

ஒழுங்காக ஓடினால் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் எல்லாருக்கும் என் போன் நம்பர் ஞாபகம் வந்துவிடும். வாசிக்கிறவர்களில் யாராவது இதே பிழைப்பில் இருந்தால் வாங்க, பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கறுப்புத் திரை

எங்களுக்கு அகப்பட்ட முதல் பெரிய வாடிக்கையாளர் ஒரு பேக்டரி பஸ் முதலாளி. சீனர். முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவது இங்கே வழக்கம், அவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் தவுக்கேக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. திட்டும்போது என்னைவிட நன்றாகவே பேசுவார். நாலு பஸ்ஸில் மூன்று மாதம் மாட்டிப் பார்ப்போம், பிடித்திருந்தால் மிச்ச பஸ்ஸுக்கும் மாட்டுவோம் என்று பேச்சு.

போர்டு ஒரு நாட்டிலிருந்து வந்தது, கேமரா இன்னொரு நாட்டிலிருந்து வந்தது, இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்திகளுக்கு நடுவே ஓடுகிற மாதிரி நான் மூன்று வாரம் ஓடினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக ஓடும், திடீரென்று நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஓடும். தவுக்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பிப் பொட்டலத்தோடு வந்து என் பின்னால் உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்ப்பார். மூன்றாவது திங்கட்கிழமை படம் வந்துவிட்டது. முழுக்கப் பச்சை, அதுவும் தலைகீழாக. முதல் படம் அப்படித்தான் வரும் என்று நம்ம ஆட்களுக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தவுக்கே கோப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, நான் டிவி வாங்குனா அன்னைக்கே படம் வருது, அதுவும் நேரா வருதுலா."

கோடே இல்லாத ரோடு

படம் நேராகி, பச்சை போய், நாலு பஸ்ஸிலும் மாட்டி முடித்த அன்று, தவுக்கே டிரைவர்கள் நாலு பேரையும் பஸ் ஷெட்டில் நிற்க வைத்து ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மாதம் முடியும்போது எந்த பஸ் ரொம்பக் கத்தியிருக்கிறதோ அந்த டிரைவர் பஸ்ஸை விட்டு இறங்கிவிட வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. டிரைவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் எழுதிய பீப்பை அவர் தராசாக்கிவிட்டார்.

இறங்கப் போவது யார் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. மாரியப்பன், எல்லாருக்கும் மாரி அண்ணே. ஐம்பத்தேழு வயது. ரப்பர் மரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் நிற்கிற பழைய தோட்டங்களுக்குள்ளே போய் ஆளை ஏற்றிக்கொண்டு, சிலிம் ரிவர் போகிற வழியில் இருக்கும் பேக்டரியில் எட்டரை மணி வேலைக்கு இறக்குவது அவர் பொறுப்பு. மற்ற மூன்று பஸ்ஸும் பெரிய ரோட்டிலேயே ஓடுகிறவை, நாளைக்கு ஏழெட்டுத் தடவை கத்தும். இவர் பஸ் எழுபது தடவை கத்தியது. இந்த வயதில் இந்த பஸ்ஸை விட்டு இறங்கினால் வேறு எவனும் ஸ்டீயரிங்கைக் கொடுக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. காலை வெயில் சாய்வாக அடிக்கும்போது ரப்பர் மரத்து நிழல் ரோட்டின் மேல் நீளநீளமாக விழுகிறது. எங்கள் கேமரா பழகியதெல்லாம் யாரோ எங்கேயோ எடுத்த நெடுஞ்சாலைப் படங்கள். அது நிழலைக் கோடு என்று எடுத்துக்கொண்டு, ஐயோ கோட்டைத் தாண்டுகிறார், மறுபடி தாண்டுகிறார் என்று கத்தித் தீர்க்கிறது. நான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். மாரி அண்ணன் ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் நிதானமாகக் கேட்டார்:

"தங்கச்சி, கோடே போடாத ரோட்டுல நான் எந்தக் கோட்டத் தாண்டுனேன்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லு."

வெள்ளிக்கிழமை மட்டும் கண் தெரியாது

நிழல் பிரச்சினையைத் தீர்த்து எழுபதைப் பதினைந்து பதினாறுக்கு இறக்கினேன். அப்பாடா என்று உட்காருவதற்குள் அடுத்தது வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் மாரி அண்ணன் பஸ்ஸின் முன்கேமரா 'மறைக்கப்பட்டுள்ளது' என்று ரிப்போர்ட். சனிக்கிழமை தானாகச் சரியாகிவிடும். தவுக்கே அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவன் வேணும்னே மூடுறான், சாலா அவன் மேலதான்" என்றார். சாலா என்றால் மலாயில் தப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயரில் ஈரமா, போர்டில் சூடா, நான் எழுதியதில்தான் ஏதாவது கோளாறா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என் புரோகிராம் முழுவதிலும் தேடினேன். அதில் வெள்ளிக்கிழமை என்று ஒரு சொல்கூட இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை விடியும்போதே ஈப்போவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போனேன். மாரி அண்ணன் வீட்டு வாசலில் பஸ் குளித்து முழுகி நிற்கிறது. முன்னால் மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்கேமராவின் லென்ஸுக்கு நட்டநடுவில், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டு, ஈரத் துணியால் துடைத்து, ஓர் அங்குலம் கீழே பெட்டியின் மூடியைக் காட்டி, பொட்டை இங்கே வையுங்கள் அண்ணே என்றேன். பொறுமையாக வைத்தார். வைத்துவிட்டு, என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்:

"புதுசா ஒரு கண்ணு வந்து ஒக்காந்திருக்கு, பொட்டு வைக்காம எப்படிம்மா வண்டிய எடுக்கிறது?"

ஏழு புள்ளி

இதெல்லாம் போக, மிச்சம் நின்றது நாளைக்குப் பதினாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் டிரைவர் முகத்தைப் பார்க்கிற கேமரா கொடுத்தவை: கண் ரோட்டில் இல்லை. காலையில் ஏழு, சாயங்காலம் ஏழு. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் தினமும் அதே ஏழு இடம். மற்ற மூவரும் ஏழெட்டில் இருக்கும்போது பதினாலு என்றால் இவர்தான் இறங்க வேண்டும். போன் பேசுகிறாரோ என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

திங்கட்கிழமை அவர் பஸ்ஸிலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் லெட்சுமி அக்கா, பேக்டரியில் பேக்கிங் பகுதியில் வேலை, ஏறினதும் எனக்கு ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். தோட்டத்துக்குள் நுழைந்த முதல் வளைவில், இடது பக்கம் மரத்தடியில், தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயில். மாரி அண்ணன் தலையை முழுசாகத் திருப்பி, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, நெஞ்சில் வைத்து, ஒரு கணம் கண்ணையும் மூடினார். பீப் என்றது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்து காளியம்மன், அதற்கும் ஒரு பீப். முன்பு தோட்டத்துக்கு ஒரு சாமி, பிரிவுக்கு ஒரு சாமி என்று இருந்தது. நிலம் துண்டு துண்டாகக் கைமாறிப் பாதிக்கு மேல் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது, சாமிகள் மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறார்கள். ஒன்பது கிலோமீட்டரில் ஏழு கோயில். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். லெட்சுமி அக்கா என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

"அது மொதல்ல கத்துனா முனியாண்டி, ரெண்டாவது கத்துனா காளியம்மா. இப்பல்லாம் நாங்க கண்ணத் தொறக்காமலே கன்னத்துல போட்டுக்குவோம், ரொம்ப வசதியா இருக்குலா."

பத்து நிமிட வேலை

மாரி அண்ணனிடம் நேராகவே சொன்னேன். அண்ணே, நீங்கள் திரும்புகிற இரண்டு விநாடியில் பஸ் முப்பது மீட்டர் போய்விடுகிறது, உங்களுக்கு வேலையும் போகப் போகிறது, மனசுக்குள் கும்பிட்டால் ஆகாதா? முப்பது வருஷமாகத் திரும்பித்தான் கும்பிடுகிறேன், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்றார். கும்பிடுவதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் ஆள் சேர்க்க அவருக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆபீசில் என் மேலதிகாரி சிவபாலன் சாரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "ஏழு இடத்தையும் விலக்குப் பட்டியலில போட்டு விடுங்கோ" என்றார். அதாவது அந்த ஏழு கோயிலுக்குப் பக்கத்தில் டிரைவர் எங்கே பார்த்தாலும் சிஸ்டம் கண்டுகொள்ளாது. எழுதினேன். பத்து நிமிடம்தான் ஆனது. மூன்று மாதத்தில் இவ்வளவு சுலபமாக நான் எதையும் எழுதியதில்லை.

எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஏன் என்றால், டிரைவரின் கண் ரோட்டில் இல்லை என்று தெரிந்தால் முன்கேமரா வழக்கத்தைவிட ஒரு விநாடி முன்னதாகக் கத்தும்படி வைத்திருந்தேன். ஏழு இடத்தில் அந்த ஒரு விநாடியும் சேர்ந்து போய்விடும். இதையும் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

"பிள்ளை, கேமராவுக்குச் சாமி தெரியாது, அது அதின்ர பிழையில்லை. அந்த மனுசனுக்கு வேலை போனா அது எங்கட பிழை."

ஐந்தாவது இடம்

மறுநாள் காலை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் போனேன். பேக்டரியில் ஆளை இறக்கிவிட்டு பஸ் நிற்கும்போது விலக்குப் பட்டியல் சேர்த்த புதிய புரோகிராமை ஏற்றிவிடலாம் என்று திட்டம். அதனால் வழியில் ஓடிக்கொண்டிருந்தது பழையதுதான். நாலு கோயில் தாண்டியாயிற்று. ஐந்தாவது, வளைவில் இருக்கிற நாகம்மா புற்று. மாரி அண்ணன் திரும்பினார், பீப் என்றது. அது முடிவதற்குள் இன்னொன்று, நீளமாக, முன்கேமராவிலிருந்து. அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. லெட்சுமி அக்காவின் சாப்பாட்டு டப்பா உருண்டு என் காலில் வந்து இடித்தது.

செம்பனைக்குள்ளிருந்து வருகிற மண்பாதையில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரோட்டில் ஏறியிருந்தார். முன்னால் பாலர் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண். பஸ்ஸுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இருக்காது. அந்த அம்மா எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அந்தக் குழந்தை மறைகிற வரைக்கும் எட்டி எட்டி எங்கள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு போனது.

நேற்று சாயங்காலமே நான் புதியதை ஏற்றியிருந்தால் அந்த நீளமான சத்தம் ஒரு விநாடி தள்ளி வந்திருக்கும். அந்த ஒரு விநாடியில் பஸ் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து விலக்குப் பட்டியலை மொத்தமாக அழித்தேன். மாரி அண்ணன், "பாத்தியா தங்கச்சி, நாகம்மா காப்பாத்திட்டா" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. மூன்று மாதமாகக் கழுத்து வலி எனக்கு, பேர் நாகம்மாவுக்கா? "அண்ணே, கத்துனது நாகம்மா இல்ல, நான் எழுதுனது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் புற்றைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"நீ எழுதுனதுதான், நான் இல்லங்கல. ஆனா அந்தப் புள்ளய நான் பாக்கவே இல்லம்மா."

பஸ்ஸு லம்பாட்

பிரேக் அடித்த வீடியோ தானாகவே தவுக்கேக்குப் போய்விட்டது. அப்படிப் போகும்படி வைத்ததும் நான்தான், யாரை நொந்துகொள்வது. இன்னும் எதுக்கு மூன்று மாதம், இன்றைக்கே இறங்கச் சொல் என்றார். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று கெஞ்சி நிறுத்தினேன்.

அடுத்த நாள் மாரி அண்ணன் பஸ்ஸிலிருந்து ஒரு பீப்கூட வரவில்லை. போர்டு செத்துப்போய்விட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தது. வேகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஏழு இடத்திலும் பஸ் நின்றிருக்கிறது. சிக்னல் போட்டு, ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஆற அமரக் கும்பிட்டுவிட்டுப் பிறகு எடுத்திருக்கிறார். நிற்கிற பஸ்ஸில் டிரைவர் எங்கே பார்த்தாலும் கேமரா கத்தாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே செய்தது. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. ஆனால் ஓரம் கட்டி எடுக்க இடத்துக்கு ஒரு நிமிடம் என்றால் ஏழு நிமிடம். நாற்பது பேரும் லம்பாட், அதாவது தாமதம் என்று பேக்டரியிலிருந்து தவுக்கேக்குப் போன், தவுக்கேயிடமிருந்து எனக்குப் போன்.

"தங்கச்சி, ஒன் மெஷினு வண்டிய நிப்பாட்டி சாமி கும்புட வைக்குது, என் பஸ்ஸு லம்பாட்டாப் போவுது, இது எந்த ஊரு டெக்னாலஜிலா?"

கடைசி ரிப்போர்ட்

மூன்று மாதம் முடிந்த அன்று பஸ் ஷெட்டில் கூடினோம். தவுக்கே, சிவபாலன் சார், நான், டிரைவர்கள். மாரி அண்ணன் சாவியை ஏற்கெனவே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போது லெட்சுமி அக்கா உள்ளே வந்து தவுக்கேயிடம் ஒரு தாளை நீட்டினார். நாற்பது கையெழுத்து. இனிமேல் எல்லாரும் பத்து நிமிடம் முன்னதாக வந்து நிற்கிறோம், பஸ் நேரத்துக்குப் போய்விடும், டிரைவரை மட்டும் மாற்றாதீர்கள் என்று எழுதியிருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் பத்து நிமிடத் தூக்கம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

தவுக்கே தாளைப் படித்தார், பிறகு என் ரிப்போர்ட்டைப் படித்தார். மொத்தத்தில் கூடுதலாகக் கத்தியது மாரி அண்ணன் பஸ்தான், ஆனால் கடைசி இரண்டு வாரம் அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை, மற்ற மூன்றும் கத்தியிருக்கின்றன; இன்றைய கணக்கில் இறங்க வேண்டியவர் அந்த மூவரில் ஒருவர். மற்ற மூன்று டிரைவர்களும் மெதுவாக வண்டி கழுவப் போய்விட்டார்கள். அந்த நிபந்தனையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. தவுக்கே தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, நீயே ஓட்டு. பீப்பே வரலியே, அப்ப ஒன் பஸ்ஸுல கேமரா எதுக்கு, கழட்டிடலாம்" என்றார். மூன்று மாதமும் என் கண் முன்னால் வந்து போனது. நான் வாயைத் திறப்பதற்குள் மாரி அண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பேசினார்:

"வேணாம் தவுக்கே, அது இருக்கட்டும். என்னைக்காவது நான் மறந்து திரும்பிட்டா, கத்துறதுக்கு அது இருக்கணும்."

ஒரு டிரைவர் ஏழு இடத்தில் நிறுத்திக் கும்பிடப் பழகினார், நாற்பது பேர் பத்து நிமிடத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தார்கள், நான் எழுதியதிலேயே நல்லது எது என்றால் அழித்த அந்த ஒன்றுதான். இத்தனையையும் சேர்த்துத்தான் எங்கள் தொழிலில் 'சிஸ்டம் எதிர்பார்த்தபடி இயங்குகிறது' என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.